கீப்பர் தட்டிவிட்ட ரெண்டு பந்து

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பான் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஹிடெதோஷி நகாதா 2006ல ரிட்டயர் ஆனவரு, அப்போ வயசு வெறும் 29, ஆனா ஜப்பான்ல அவர் மேல இருக்கிற பாசம் இன்னும் கொறையல. ஏன்னு கேட்டா எனக்கு ரெண்டு ஷாட்தான் கண்ணு முன்னாடி வருது, ரெண்டையுமே கீப்பர் தடுத்துட்டாரு!

முதல் ஷாட் 1997 நவம்பர், மலேசியாவுல ஜோகூர் பாரு. ஈரானோட மேட்ச், ஜெயிச்சா ஜப்பான் முதல் தடவையா உலகக்கோப்பையில ஆடலாம். ரெண்டுக்கு ரெண்டுன்னு எக்ஸ்ட்ரா டைம் போயிடுச்சு, அதுல யாரு முதல்ல கோல் போடுறாங்களோ அவங்க ஜெயிச்ச மாதிரி, அதுவும் முடியப்போற நேரம். இருபது வயசுப் பையன் நகாதா பந்தை எடுத்துட்டுப் போய் ஓங்கி அடிக்கிறான், கீப்பர் தட்டிவிடுறாரு, கூட ஆடுன ஒகானோ சறுக்கிட்டே வந்து உள்ள தள்ளிட்டாரு. பேரு ஒகானோவுக்கு. ஆனா அன்னிக்கு ஜப்பான் போட்ட மூணு கோலுக்கும் வழி பண்ணிக் கொடுத்தது நகாதாதான்.

அடுத்த வருஷமே இத்தாலியில பெருஜாங்கிற சின்ன டீமுக்குப் போனாரு. முதல் லீக் மேட்சே யுவென்டஸ்ங்கிற பெரிய கிளப்போட, டீம் தோத்துச்சு, ஆனா இவரு ரெண்டு கோல். அப்புறம் பாருங்க, அந்தச் சின்ன ஊருக்கு ஜப்பான்லேர்ந்து ஆளுங்க ப்ளைட் புடிச்சு வர ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டாவது ஷாட் 2001 மே, டூரின். அப்போ ரோமாங்கிற இத்தாலி கிளப்புல இருந்தாரு, அங்க அவரோட இடத்துல ஆடுறது கேப்டன் டோட்டி, அதனால பாதி நாள் பெஞ்சுதான். யுவென்டஸ் ரெண்டு கோல் லீடு. கோச் கபெல்லோ டோட்டியையே வெளிய எடுத்துட்டு நகாதாவை இறக்குறாரு, எவ்ளோ தைரியம் வேணும்! தூரத்துலேர்ந்து ஒண்ணு அடிச்சாரு, கோல். கடைசி நிமிஷத்துல இன்னொண்ணு அடிச்சாரு, யுவென்டஸ் கீப்பர் வான் டெர் சார் தட்டிவிட, ரோமாவோட மொன்டெல்லா உள்ள போட்டுட்டாரு. மேட்ச் டிரா. சீசன் முடிவுல ரோமா யுவென்டஸை விட ரெண்டே பாயிண்ட் கூட எடுத்து சாம்பியன்.

2006 உலகக்கோப்பை, டார்ட்முண்ட். ஜப்பான் டீம் பிரேசில் கிட்ட 4-1ன்னு தோத்து வெளிய போறாங்க. விசில் அடிச்சதும் நகாதா கிரவுண்டு நடுவுலயே மல்லாந்து படுத்துட்டாரு, நிமிஷக்கணக்கா எழுந்திரிக்கல, கண்ணுல தண்ணி. கொஞ்ச நாள்லயே தன்னோட வெப்சைட்ல எழுதிட்டாரு, போதும்னு. பத்திரிக்கைக்காரங்களோட அவருக்கு ரொம்ப நாளா ஒத்துப்போகாது, அதான் ரசிகர்கள்கிட்ட நேரா அதுல பேசுவாரு.

மத்தவங்களா இருந்தா கோச்சா வந்திருப்பாங்க. இவரு உலகத்தைச் சுத்திட்டு வந்து, ஜப்பானோட 47 மாகாணத்துக்கும் போனாரு, அரிசியில சாகேங்கிற மது தயாரிக்கிறவங்க, மண்பாண்டம் செய்யுறவங்க, இவங்க பட்டறைக்கெல்லாம் போய் உக்காந்து தொழிலைக் கேட்டுக் கத்துக்கிட்டாரு. இப்போ அந்த சாகேவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோறதுதான் அவர் வேலை. மறுபடியும் பந்தை அடுத்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறாரு, எனக்கு அப்படித்தான் தெரியுது. நன்றி, வணக்கம்.