அணை போட்ட இடது கால்

சங்கத் தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் கார்டிஃப் நகரமன்ற உறுப்பினர் அவர்களே (அவருக்குத் தமிழ் தெரியாது; இருந்தும் அரை மணி நேரமாகப் புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கிறார், அந்தப் பொறுமைக்குத் தனி வணக்கம்), பொருளாளர் அவர்களே, விடியுமுன் எழுந்து இத்தனை பேருக்கும் வெண்பொங்கல் கிண்டிய தாய்மார்களே, வணக்கம்.

வேல்ஸின் தடுப்பாட்டக்காரர் பென் டேவிஸைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவர் ஆட்டம், அவர் மொழி, அவர் படிப்பு. செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வரவேற்புரைக்கு எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை.

1993இல் நீத் நகரில் பிறந்தவர். 2012இல் ஸ்வான்ஸி அணியின் நீல் டெய்லருக்குக் கணுக்காலில் பலத்த அடிபட, பத்தொன்பது வயதில் இடதுபுறக் காவல் இவர் கைக்கு வந்தது. (டெய்லரின் தாய்வழி வங்காளம் என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை.) அதே பருவத்தில் இங்கிலாந்தின் லீக் கோப்பையை வென்றார், 2014இல் லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்குப் போனார், 2025இல் அந்த அணியோடு ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக்கையும் வென்றார். மற்றதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு நொடியைப் பற்றி. 2016 ஜூன் 11, பிரான்சின் போர்டோ நகரம். ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பைத் தொடர், 1958க்குப் பிறகு வேல்ஸ் ஆடும் முதல் பெரிய தொடர். ஐம்பத்தெட்டு ஆண்டு! தாத்தா பார்த்ததைப் பேரன் பார்க்கக் காத்திருந்த காலம். கூட்டம் பாடி முடித்துத் தொண்டையைக்கூடச் செருமவில்லை, மூன்றாவது நிமிடம், ஸ்லோவாக்கியாவின் ஹாம்சிக் பந்தோடு கிளம்புகிறார். ஒருவரைத் தாண்டுகிறார், இன்னொருவரைத் தாண்டுகிறார், இடதுகாலால் உதைக்கிறார். பந்து கோல்கீப்பர் வார்டையும் கடந்துவிட்டது. சோபாவில் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் மாமியார் மூடவில்லை. கால்பந்தே தெரியாத அவர்தான் “யாரோ ஒரு பையன் படுத்துக்கொண்டே தடுத்துவிட்டான்” என்றார். அந்தப் பையன் டேவிஸ். கோட்டருகே சறுக்கி விழுந்து காலை நீட்டியிருந்தார். பத்தாவது நிமிடம் நம் நட்சத்திர ஆட்டக்காரர் பேல் அடித்த ஃப்ரீ கிக் கோலானது. 2-1 என்று வென்றோம். மறுநாள் எல்லோர் வாயிலும் பேல், பேல். வெள்ளம் வருமுன் அணை போட்டவனை யார் பாடுகிறார்கள்?

கால் இறுதியில் பெல்ஜியத்தை 3-1 என வீழ்த்தியபோது டேவிஸுக்கும் சக ஆட்டக்காரர் ராம்சிக்கும் தொடரில் இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை. லியோனில் அரை இறுதி, இருவரும் வெளியே. போர்ச்சுகல் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டது. அவர் இருந்திருந்தால் என்று நான் சொன்னால் என் மனைவி எழுந்து போய்விடுவார். வெள்ளம் வருமுன் அணை போடு, அவ்வளவுதான்.

இனி மொழி. சிறுவயதில் டென்மார்க்கின் விபோர்க் நகரில் சில ஆண்டுகள் வளர்ந்தும், ஊர் திரும்பி வெல்ஷ் வழிப் பள்ளியில் படித்தவர் டேவிஸ். இன்றும் தொலைக்காட்சிக்கு வெல்ஷில் சரளமாகப் பேட்டி கொடுக்கிறார். அந்த ஊரில் பந்தா, மொழியா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம். தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சிறுவர் கால்பந்தாட்டமும் அதே நேரம். சென்ற பருவத்தில் நான்காம் நிலை வகுப்பில் பதினாறு பேர், இப்போது ஏழு. என் பேரன் பூட்ஸைக் கட்டிக்கொண்டே “தாத்தா, ஆத்திச்சூடியை ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாதா?” என்கிறான். நேரத்தை மாற்றச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன், “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வந்தது. பொதுக்குழு நண்பர்களே, பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு மாற்றி என்ன பயன்? வெள்ளம் வருமுன்...

சீட்டு வந்துவிட்டது, பொங்கல் ஆறுகிறதாம். டேவிஸின் படிப்பு அடுத்த ஆண்டுக்கு. வகுப்பை மாலை மூன்று மணிக்கு மாற்றக் கோரும் மனு வாசல் மேசையில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.