பங்கரில் சிக்கும் நிலக்கரி

வணக்கம் நேயர்களே. அனல் மின் நிலையத்தில் மழைக்காலத்தில் வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "கரி இறங்கவில்லை" என்றுதான் முதலில் புலம்புவார்கள். 500 மெகாவாட் யூனிட் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 300 டன் கரி கேட்கும். கரி இருந்தும் அது அரைக்கிற மில்லுக்கு வந்து சேராததால் உற்பத்தியைக் குறைப்பது அடிக்கடி நடக்கிற கதை.

காரணம் ஈரமும் தூளும். காய்ந்த கட்டிக்கரி தானாக உருண்டு இறங்கிவிடும். தூள் அதிகமான கரி நனைந்தால் சல்லடையை அடைக்கும், கரி சறுக்கி இறங்கும் ஷூட்டில் அப்பிக்கொள்ளும், கடைசியில் மில்லுக்குப் போகும் கரியைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டியான பங்கரில் தன் வேலையைக் காட்டும். சில சமயம் பங்கரின் அடி வாய்க்கு மேலே வளைவு கட்டி ஒரேயடியாக நின்றுவிடும். பங்கரிலிருந்து மில்லுக்குக் கரியை அனுப்பும் ஃபீடர் காலியாக ஓடுவதால் அது உடனே தெரிந்துவிடும். நடுவில் மட்டும் கிணறு போலத் துளை விழுந்து, சுற்றியுள்ள கரி சுவரோடு நிற்பதுதான் மோசம். பெல்ட்டிலிருந்து விழும் புதுக் கரி அந்தத் துளை வழியே போய்விடும். ஓரத்துக் கரி வாரக்கணக்கில் அசையாது. ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து, சூடேறி, தானே பற்றிக்கொள்ளும். அப்போது பதறிப்போய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் தூள் கிளம்பி வெடிக்கலாம். கனலும் கரியில் நீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்தி ஆக்சிஜனைக் குறைக்க ஏற்பாடு செய்வது அதனால்தான்.

அடைப்பு என்றதும் எல்லோரும் எடுப்பது சம்மட்டியைத்தான். பங்கரின் அடிப்பகுதியில் விழுந்திருக்கும் பள்ளங்களே சாட்சி! பல நேரம் அடிக்க அடிக்கக் கரி இன்னும் இறுகும். பள்ளம் விழுந்த தகட்டில் அடுத்த முறை சீக்கிரமே ஒட்டும். அதைவிடக் கொடுமை, குத்திவிட ஆளை உள்ளே இறக்குவது. நிற்கிற கரி எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த அவசரமானாலும் கூடாது.

உண்மையான தீர்வு பங்கரின் வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கே என்ற பொறியாளர் 1964-லேயே இதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்துவிட்டார். சுவர் போதிய செங்குத்தாகவும் வழவழப்பாகவும், வாய் போதிய அகலமாகவும் இருந்தால் உள்ளே உள்ள கரி முழுவதும் ஒன்றாக நகரும், தேங்க இடமிருக்காது. ஆனால் செங்குத்தான பங்கருக்குக் கட்டடம் உயரமாக வேண்டும், செலவு கூடும். அங்கேதான் கை வைப்பார்கள். அப்புறம் காற்றைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஏர் கேனன், சுவரை அதிர வைக்கும் வைப்ரேட்டர் என்று வருடா வருடம் செலவழிப்பார்கள்.

பழைய பங்கர் என்றால் முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. அடிக்கூம்பை மட்டும் மாற்றி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு பதித்தாலே பல இடங்களில் போதும். ஒரு நிபந்தனை: கணக்குப் போட எடுக்கும் மாதிரிக் கரி, கோடையில் அள்ளிய காய்ந்த கரியாக இருக்கக் கூடாது.