பட்டம் பெறாத பதினொரு பெயர்கள்

(காரைக்குடிக்கு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பிரிவு உபசார விழாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தலைமையாசிரியர் அவர்களே, உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இன்னும் சில நாட்களில் தேர்வெழுதிவிட்டு இந்த வளாகத்தை விட்டுப் போகவிருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை இந்த வகுப்பிலிருந்து இருவர் என் வீட்டுக்கு வந்து, முகப்புத் திண்ணையில் அமர்ந்து, நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்து, "அம்மா, நாளைக்கு மேடையில் இதை நீங்கள்தான் வாசிக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் பிற்காலத்தில் என்ன ஆவார் என்று விளையாட்டாகக் கணித்து, அதற்கேற்ற பட்டம் சூட்டி எழுதிய பட்டியல் அது. இருபது ஆண்டு கழிந்தாலும் விடியற்காலைப் பல்லவன் ரயிலைத் தவறவிடப் போகிறவர் என்று ஒருவருக்கும், சிக்ரி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானியாகி ஆய்வகத்துக்குள்ளும் கடலைமிட்டாய் தின்னப் போகிறவர் என்று இன்னொருவருக்கும், சொந்தக் கல்யாணத்திலும் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கப் போகிறவர் என்று மற்றொருவருக்கும் பட்டம் தந்திருந்தீர்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு ஆசிரியர் புத்தி விடாமல் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் 42 பேர். பட்டங்கள் 31. எஞ்சிய 11 பேருக்கு நேராக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பதினொரு வெற்றிடங்களைப் பற்றித்தான்.

இந்த விளையாட்டை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இறுதியாண்டு மாணவர்கள் வாக்களித்து, வெற்றி பெறும் வாய்ப்பு மிகுந்தவர், வகுப்பின் சிரிப்பு மன்னர், நேர்த்தியாக உடுத்துபவர் என்றெல்லாம் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேர்வாக, அவர்களுடைய படங்கள் பள்ளியின் ஆண்டு மலரில் அச்சாகும். அதற்கும் முன்பே அங்கே வகுப்பின் எதிர்காலம் உரைத்தல் என்றொரு வழக்கம் உண்டு. பத்தாண்டுக்கோ இருபதாண்டுக்கோ பிறகு யார் எங்கே இருப்பார் என்று ஒரு மாணவர் கற்பனையாக எழுதி விழாவில் வாசிப்பார். கூடவே வகுப்பின் உயில் என்று ஒன்றையும் எழுதி, இன்னாருடைய குறும்பை இன்னாருக்கு விட்டுச் செல்கிறோம் என்று இளைய வகுப்புக்குச் சொத்து பிரித்துக் கொடுப்பார்கள். இவற்றில் எதையும் தவறென்று சொல்ல நான் வரவில்லை.

இன்னொருவருக்குப் பெயர் சூட்டுவது செட்டிநாட்டுக்குப் புதிதும் அன்று. ஐயாவின் பெயரைப் பேரனுக்கும் அப்பத்தாவின் பெயரைப் பேத்திக்கும் வைக்கும் ஊர் இது. ஆகவே ஒரே தெருவில் நான்கு மெய்யப்பன்களும் மூன்று வள்ளியம்மைகளும் இருப்பார்கள். எழுத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டக் குடும்ப விலாசம் என்ற முன்னெழுத்துகள் உண்டு. பேச்சில் பிரித்துக் காட்டுவது பட்டப்பெயர்தான். நான் படித்த வகுப்பிலேயே இரட்டைச் சடை வள்ளியம்மை, கோட்டையூர் வள்ளியம்மை, முறுக்கு வள்ளியம்மை என்று மூவர் இருந்தார்கள். முறுக்கு வள்ளியம்மைக்கு இன்றும் பேரப்பிள்ளைகள் நடுவில் அதே பெயர்தான். ஆனால் பட்டப்பெயர், ஒருவர் இப்போது இருக்கும் இருப்பைப் பார்த்து வைப்பது. நீங்கள் சூட்டியிருப்பதோ இனி அவர் ஆகப்போவதைப் பற்றிய பெயர். வரப்போவதைச் சொல்லும் பெயருக்குக் கனம் அதிகம். சுமப்பவரின் வயது குறையக் குறைய அந்தக் கனம் கூடுகிறது.

கணக்கு ஆசிரியை என்பதால் என் மனத்தில் ஆழப் பதிந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் கலிபோர்னியாவின் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் இவ்வாண்டு அறிவில் சட்டென்று முன்னேறப் போகிறவர்கள் என்று சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். உண்மையில் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில், மதிப்பெண்ணைப் பாராமல், குலுக்கிப் போட்டு எடுத்ததைப் போன்று எடுத்த பெயர்கள் அவை. ஆண்டு முடிவில் மறுபடி சோதித்தபோது, முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 1968இல் வெளிவந்த இந்த முடிவைப் பற்றிப் பின்னால் வந்த அறிஞர்கள் கடுமையாக வாதிட்டிருக்கிறார்கள். விளைவு அவ்வளவு பெரிதன்று என்பாரும் உண்டு. என் வகுப்பறை அனுபவம் எனக்குச் சொல்வது, ஒரு பிள்ளையிடமிருந்து எதையாவது எதிர்பார்க்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளை விடை சொல்ல இன்னும் சற்று நேரம் காத்திருப்பார் என்பதே. அந்தச் சற்று நேரம் ஓராண்டில் எவ்வளவு சேரும் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2019இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஆட்டிசம் உடைய, பேச்சு வராத பதினொரு வயதுச் சிறுவனுக்கு, மிகவும் எரிச்சலூட்டும் மாணவர் என்று பொறித்த கோப்பையைப் பள்ளி விழாவில், பெற்றோர் பார்த்திருக்க, ஆசிரியரே கொடுத்தார். பள்ளி நிர்வாகம் பிறகு மன்னிப்புக் கேட்டது. அதனால்தான் உங்கள் பட்டியலில் இரண்டு பட்டங்களை நேற்றே அடிக்கச் சொன்னேன். ஒன்று ஒரு பெண்ணின் நிறத்தைத் தொட்டது. மற்றொன்று ஒரு பையன் அவன் அப்பாவின் தொழிலைத்தான் கடைசிவரை செய்வான் என்றது. இரண்டையும் எழுதியவர்கள் சிரிப்புக்காகவே எழுதினார்கள் என்பதை நான் நம்புகிறேன். என்றாலும் மேடையில் ஒலிபெருக்கி வழியாகப் போகும் சொல், எழுதியவரின் மனத்தைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை.

கடுஞ்சொல்லைக் கண்டுகொள்வது எளிது. அதைவிடக் கடினமானது பாராட்டாக வரும் பாரம். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கொரு மாணவன் இருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாரும் அவனைக் கலெக்டர் என்றுதான் அழைத்தார்கள், நானும் அழைத்தேன். குடிமைப் பணித் தேர்வை அவன் பலமுறை எழுதியும் தேர்ச்சி பெறவில்லை. அதன் பிறகு அவன் ஊர்த் திருவிழாக்களுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆறாண்டு கழித்துக் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவில் அவனைக் கண்டபோது, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பதாகவும், வேலை பிடித்திருப்பதாகவும் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனால் அம்மா, தெருவில் யார் பார்த்தாலும் என்ன கலெக்டர் என்றுதான் இன்னும் கேட்கிறார்கள்" என்றான். அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. பட்டியலில் வெற்றி பெறப் போகிறவர் என்று முதல் மதிப்பெண் பெண்ணுக்குத் தந்திருக்கிறீர்களே, அதை மாற்றி எழுதுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். அந்தப் பட்டத்தில் அவளைப் பற்றி ஒன்றுமே இல்லை. மதிப்பெண் பட்டியலை மறுபடி வாசித்ததுபோல்தான் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கம், அக்கால நகரத்தார் வழக்கப்படி சிறு வயதிலேயே பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலை பார்க்கும் சிறுவனாக, அனுப்பப்பட்டார். வருமான வரி அதிகாரி வந்தால் நான் இல்லையென்று சொல் என்று முதலாளி சொன்னபோது, இருப்பவரை இல்லையென்று சொல்ல மாட்டேன் என்று அந்தப் பிள்ளை மறுக்க, வேலை போயிற்று. அந்தக் கடையில் அன்றைக்கு அடுத்தாட்கள் எனப்படும் உதவியாளர்களும் மற்றப் பையன்களும் கூடி வாக்களித்திருந்தால், தொழிலுக்கு உதவாதவர் என்ற பட்டம் ஒருமனதாக அவருக்கே போயிருக்கும். ஊர் திரும்பியவர் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரிடம் தமிழ் கற்றார். அழகப்பா கல்லூரியில் பேராசிரியராகி, பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பெட்டியடியில் குறையாகத் தெரிந்த அதே குணத்தால்தான் பொய் சொல்லா மாணிக்கம் என்று அவருக்குப் பெயர் நிலைத்தது. அவருக்கு ஆசிரியராக வாய்த்த பண்டிதமணியோ திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்தவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாத சிறுகூடல்பட்டிப் பிள்ளை ஒருவர் கவிஞர் கண்ணதாசன் ஆன கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்துத்தான் கணிப்பது என்று கேட்பீர்கள். நான் 1975இல் பள்ளியை முடித்தேன். அப்போது பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேல்நிலை வகுப்புகள் 1978இல்தான் வந்தன. விடைபெறும் நாளில் ஆளுக்கொரு ஆட்டோகிராப் ஏடு வைத்துக்கொண்டு எழுதி வாங்குவோம். என் ஏட்டில் ஏறத்தாழ எல்லாரும் ஒரே எதிர்காலத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: சீக்கிரம் கல்யாணப் பத்திரிகை அனுப்பு என்று. பெண் பிள்ளைகளுக்கு வேறு எதிர்காலம் எழுத எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதினாள். "நீ சொல்லிக் கொடுத்தபோதுதான் எனக்குக் கூட்டுவட்டி புரிந்தது. நீ டீச்சராகத்தான் போவாய்." பச்சை மையில் இரண்டே வரி. அவள் எனக்கு எதிர்காலம் சொல்லவில்லை. நடந்த ஒன்றுக்கு நன்றி சொன்னாள். மதிய உணவு நேரத்தில் வேப்பமரத்தடியில் நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டில் மேற்படிப்பு வேண்டாமென்று பேச்சு எழுந்த அந்தக் கோடையில், அந்த இரண்டு வரிகளை அப்பச்சியிடம், என் அப்பாவிடம், காட்டித்தான் கல்லூரிக்கு அனுமதி கேட்டேன்.

அவளுடைய ஏட்டில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? கடல் வற்றினாலும் நம் நட்பு வற்றாது என்று, நாற்பது பேருக்கும் எழுதிய அதே வாசகத்தை எழுதினேன். ஒருவரிடம் இருப்பதை அவருக்கே தெரியும் முன் கண்டு சொல்லும் ஆற்றல் அவளிடம் இருந்தது. அதை நான் கண்டு எழுதவில்லை. ஐந்தாண்டு அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

உங்கள் பட்டியலிலும் அப்படிப்பட்ட வரி ஒன்று இருக்கிறது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆத்தங்குடியில் பூக்கல் என்ற தரை ஓடு செய்யும் குடும்பத்துப் பெண்ணுக்கு, கண்ணாடியை எடுக்கும் முன்பே பூவைப் பார்த்துவிடுகிறவள் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியின் மேல் வண்ணத்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு மூடி, தண்ணீரில் ஊறவைத்து, நாட்கள் கழித்துக் கண்ணாடி பிரியும்போதுதான் கல்லின் முகம் தெரியும். அவள் வீட்டுக்குப் போய், அவள் வண்ணம் ஊற்றுவதை அருகிருந்து பார்த்தவர் மட்டுமே அப்படி எழுத முடியும். அவள் என்ன ஆவாள் என்று அதில் இல்லை. அவள் எங்கே போனாலும் கூட வரக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது.

இப்போது அந்தப் பதினொருவருக்கு வருகிறேன். அவர்கள் பெயர்களை நான் இங்கே படிக்கப் போவதில்லை. அவர்கள் அதிகம் பேசாதவர்கள், பேருந்துக்கு ஓட வேண்டியிருந்ததால் மாலையில் விளையாட நிற்காதவர்கள், பதினோராம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் குறையிருப்பதால் அந்த இடங்கள் வெறுமையாக இல்லை; அவர்கள் அருகில் நாம் போதிய நேரம் அமரவில்லை. யாரோ ஒருவருக்கு அவர்களில் ஒருவர் பேனா கொடுத்திருப்பார், காய்ச்சலில் கிடந்தபோது குறிப்பேட்டை வீடு வரை கொண்டுவந்திருப்பார், செய்முறைத் தேர்வில் கை நடுங்கியபோது பக்கத்தில் நின்றிருப்பார். அந்த யாரோ ஒருவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார்.

பட்டியலை நான் இன்னும் வாசிக்கவில்லை. அது இந்த மேசை மேல், பச்சை மைப் பேனாவோடு இருக்கிறது. நிகழ்ச்சி நிரல்படி அடுத்து நாட்டியமும், அதன்பின் தேநீரும் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் ஒவ்வொருவராக வந்து எழுதுங்கள். நாற்பத்திரண்டு வரிகளும் நிறைந்த பிறகு வாசிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன்.