கை பலமா, நீச்சல் முறையா: பிள்ளைங்களுக்கு வேகம் எங்கேருந்து வருது?

[காட்சி: காரைக்குடி பக்கம் ஒரு வயக்காட்டுக் கிணறு. பையன் ஒருத்தன் குதிக்கிறான்.]

ஊருணி குடிதண்ணிக்கு, அதுல இறங்க மாட்டோம். நம்ம பிள்ளைங்க நீச்சல் பழகுறது கிணத்துலயும் கண்மாயிலயும். மூச்சுக்கும் தைரியத்துக்கும் குறைவே இல்ல. ஆனா நீச்சல் குளத்துல 50 மீட்டர் போட்டின்னு வந்தா பின்தங்கிடுறாங்க. கண்மாய்ல எதிர்ல என்ன வருதுன்னு பாக்கத் தலையைத் தூக்கியே நீந்தின பழக்கம் இது. பலக்குறைவு இல்ல.

[காட்சி: தண்ணிக்கு அடியிலிருந்து, பக்கவாட்டுல.]

தலை மேல வந்ததும் இடுப்பு இறங்குது, பாருங்க. தண்ணி மோதுற பரப்பு கூடிடுது. தண்ணியோட அடர்த்தி காத்தைவிடச் சுமார் 800 மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானா தடை ஏறக்குறைய நாலு மடங்கு, அதுக்கு வேண்டிய திறன் (பவர்) எட்டு மடங்கு. வளர்ற பிள்ளைகிட்ட அவ்வளவு பலத்துக்கு எங்க போறது? முதல்ல தடையைக் குறைங்க. கண்ணு தரையைப் பாக்கட்டும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமத் திருப்பணும். ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கணும்.

[காட்சி: ஃப்ரீஸ்டைல் கை, ஸ்லோ மோஷன்.]

அடுத்தது ‘பிடி’, அதாவது கையால தண்ணியைப் பிடிச்சுப் பின்னால தள்ளுறது. கை உள்ள போனதும் முழங்கை மேலேயே நிக்கட்டும், விரல் நுனி கீழ பாக்கட்டும். முழங்கைலேருந்து விரல் வரைக்கும் ஒரே துடுப்பா பின்னால தள்ளணும். முழங்கை முதல்ல இறங்கினா உள்ளங்கை தண்ணியைக் கீழ அழுத்தும். உடம்பு முன்னால போறதுக்குப் பதிலா மேல எழும்பும். எவ்வளவு பலசாலிப் பையனும் இங்கதான் வீணாப் போறான்.

[காட்சி: கைக்கடிகாரம், நோட்டு.]

25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு, எத்தனை விநாடின்னு எண்ணிக் கூட்டுங்க. 24 வீச்சு, 22 விநாடின்னா 46. கூட்டுத்தொகை குறைஞ்சா முன்னேற்றம். வீச்சு கூடியும் நேரம் குறையலைன்னா பிடி நழுவுது. வீச்சு குறைஞ்சு நேரம் கூடினா பிள்ளை சும்மா சறுக்கிக்கிட்டுப் போகுது. ஒவ்வொரு தடவையும் சுவரை ஒரே மாதிரி உதைக்கணும், இல்லைன்னா கணக்கு தப்பும்.

[காட்சி: கரையில பயிற்சி.]

ஸ்டார்ட், டர்ன் ரெண்டுலயும் கால் பலம் நேரடியா வேலை செய்யும். வாரம் ரெண்டு நாள், 20 நிமிஷம்: குதிச்சு எழுறது, தண்டால், பிளாங்க் (முழங்கையை ஊனி உடம்பை நேரா நிறுத்துறது), தோளுக்கு ரப்பர் பட்டை. முறை கெட்டதும் நிறுத்திடுங்க.

பொண்ணுங்க 12 வயசு வாக்குல, பையங்க 14 வாக்குல கிடுகிடுன்னு வளருவாங்க. கைகால் நீண்டு, பழகின வீச்சு சில மாசம் தடுமாறும். திட்டாதீங்க, தூரத்தைக் குறைச்சு, பிடிப் பயிற்சிக்குத் திரும்புங்க. தோளோட முன்பக்கம் வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா, கைப்பட்டை (உள்ளங்கையில மாட்டுற தட்டு) போட்டு நீந்துறதை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.