அந்தப் பதினைந்து நிமிடங்கள்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

1961-ம் ஆண்டு மே 14. அமெரிக்காவில் அன்னையர் தினம். அன்று பிற்பகல் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரப் பேருந்து நிலையத்தில் ஒரு போலீஸ்காரரைக்கூடக் காணோம். காவல் தலைமையகமோ சில தெருக்கள் தள்ளித்தான். ஏன் ஆள் இல்லை என்று ஆணையர் 'புல்' கானரிடம் கேட்டார்கள். அன்னையர் தினமாயிற்றே, அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் சொன்னார். இதைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். உண்மையில் நடந்தது வேறு. நிறவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானுக்கு அவருடைய காவல்துறை முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தது: பேருந்தில் வருபவர்களை அடிக்கப் பதினைந்து நிமிடம் உங்களுடையது, அதுவரை நாங்கள் வர மாட்டோம்.

நான் இன்று பேச வந்தது அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான்.

அடி வாங்க வந்தவர்கள் யார்? ஜேம்ஸ் ஃபார்மர் தலைமையில் இனச் சமத்துவத்துக்காகப் போராடிய 'கோர்' அமைப்பினர். மே 4 அன்று வாஷிங்டனில் 13 பேர், கறுப்பரும் வெள்ளையருமாக, இரண்டு பேருந்துகளில் ஏறினார்கள். நியூ ஆர்லியன்ஸ் வரை போவதாகத் திட்டம். வழியெல்லாம் சேர்ந்து உட்காருவது, 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும் காத்திருப்பு அறைக்குள் கறுப்பர் நுழைவது, அவ்வளவுதான் போராட்டம். இதில் சட்டமீறல் எதுவுமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்தில் நிறம் பார்த்து இடம் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொல்லிவிட்டது. 1960 டிசம்பரில் நிலையத்து உணவகத்துக்கும் அது பொருந்தும் என்றது. தீர்ப்பு கையில் இருந்தது. தென்மாநிலங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதே மே 14 அன்று முதல் பேருந்து ஆனிஸ்டன் என்ற சிறுநகருக்குள் வந்தபோது ஒரு கும்பல் கம்பியும் சங்கிலியுமாகக் காத்திருந்தது. கண்ணாடியை உடைத்தார்கள், டயரைக் கிழித்தார்கள். தட்டுத்தடுமாறி ஊரைத் தாண்டிய பேருந்து சில மைலில் காற்றிறங்கி நின்றது. கார்களில் துரத்தி வந்தவர்கள் ஜன்னல் வழியே தீக்குண்டை எறிந்தார்கள். எறிந்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாதபடி கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எரிபொருள் டேங்க் வெடிக்கும் என்று பயந்து கும்பல் விலகியது என்பார்கள் சிலர். உள்ளே மாறுவேடத்தில் இருந்த மாநிலப் புலனாய்வு அதிகாரி துப்பாக்கியைக் காட்டியதால்தான் கதவு திறந்தது என்பார்கள் வேறு சிலர். உயிர் போகவில்லை. புல்லில் விழுந்து மூச்சுக்குத் திணறியவர்களுக்கு 12 வயது வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தாள்.

இரண்டாவது பேருந்துதான் பர்மிங்ஹாமுக்குப் போனது. ஆனிஸ்டனிலேயே க்ளான் ஆட்கள் பயணிகளாக ஏறி, முன்னிருக்கையில் இருந்த கறுப்பின இளைஞர்களை அடித்தார்கள். தடுக்கப் போன வெள்ளையர்கள் ஜேம்ஸ் பெக்குக்கும், 61 வயது வால்டர் பெர்க்மனுக்கும் உதை. பர்மிங்ஹாமில் இறங்கியதும் பெக்குக்கு மறுபடியும். தலையில் ஐம்பதுக்கு மேல் தையல். பதினைந்து நிமிடம் முடிந்த பிறகுதான் போலீஸ் வந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. கும்பலில் அடித்தவர்களில் ஒருவரான கேரி தாமஸ் ரோ, எஃப்.பி.ஐ.க்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு உளவு சொன்னவர். தாக்குதல் நடக்கப்போவதை அவர் முன்னதாகவே தெரிவித்திருந்தார். எஃப்.பி.ஐ. பயணிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்டுநர்கள் மறுத்துவிட, முதல் அணி விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நாஷ்வில் கல்லூரி மாணவி டயேன் நாஷ் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அடிதடியால் போராட்டம் நின்றுபோனால் இனி எப்போதும் அடிதடிதான் என்று வாதாடி, புதிய அணியை அனுப்பினார். போகுமுன் பலர் உயில் எழுதி வைத்துவிட்டே போனார்கள். இந்த மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், நம் நாட்டில் நாக்பூரில் சில ஆண்டுகள் இருந்து காந்தியின் வழியைப் படித்துப் போனவர்.

மே 20. அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமெரி எல்லை வரை புதிய அணியின் பேருந்துக்கு முன்னும் பின்னும் நெடுஞ்சாலைப் போலீஸ், மேலே விமானம். எல்லை வந்ததும் எல்லாம் மாயம். நகரப் போலீஸ் இல்லாத நிலையத்தில் பயணிகளான ஜான் லூயிஸ், ஜிம் ஸ்வெர்க் ஆகியோர் ரத்தம் சொட்டச் சொட்ட அடிபட்டார்கள். ஜனாதிபதி கென்னடி அரசின் பிரதிநிதியாக அங்கே வந்திருந்த ஜான் சீகன்தாலரையே குழாயால் அடித்து மயங்கி விழவைத்தார்கள். மாநிலப் பொதுப் பாதுகாப்பு இயக்குநர் ஃப்ளாய்ட் மான் துப்பாக்கியோடு கும்பலுக்குள் புகுந்து சிலரைக் காப்பாற்றினார். ஓர் அதிகாரி மனம் வைத்தால் என்ன நடக்கும் என்று அங்கேயே தெரிந்தது.

இப்போது மிசிசிப்பிக்கு வாருங்கள். அலபாமாவைவிடக் கொடிய மாநிலம் என்று பெயர் எடுத்தது. மே 24 அன்று ஜாக்சன் நகரில் பேருந்து நின்றது. கும்பலே இல்லை! ஒரு கல்கூட விழவில்லை. கும்பல் இருக்கக் கூடாது, பதிலுக்குப் பயணிகளைக் கைது செய்துகொள்ளலாம் என்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கும் மிசிசிப்பி செனட்டர் ஈஸ்ட்லாண்டுக்கும் பேச்சு முடிந்திருந்தது. மக்களின் ஆத்திரம் பொங்கியது, அடக்க முடியவில்லை என்று சொல்கிறார்களே, அந்த ஆத்திரம் ஜாக்சனில் எங்கே போனது? மேலிடம் வேண்டாம் என்றதும் வீட்டிலேயே இருந்துவிட்டது. ராபர்ட் கென்னடியை இதற்காக நான் பாராட்ட மாட்டேன். சட்டப்படி நடந்தவர்களைச் சிறைக்கு விற்று வாங்கிய அமைதி அது. அந்தக் கோடையில் 300-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலரைப் பார்ச்மன் சிறைப்பண்ணைக்கு அனுப்பினார்கள். அவர்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தாததற்காக மெத்தையைப் பிடுங்கிய சிறை அது. மெத்தை போனது, பாட்டு நிற்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்தின் உத்தரவு அமலுக்கு வந்து, நிலையங்களில் 'வெள்ளையருக்கு மட்டும்' பலகைகள் இறங்கின.

எஃப்.பி.ஐ. கணக்கு மட்டும் பாக்கி நின்றது. பெக்கும் பெர்க்மனும் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். தெரிந்தும் தடுக்கவில்லை என்று 1983-ல் தீர்ப்பு வந்தது. பெக்குக்கு 25,000 டாலர் இழப்பீடு. பெர்க்மன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். புல் கானர் மீது எந்த வழக்கும் போட முடியாது. அவர் 1973-லேயே இறந்துபோயிருந்தார்.