‘போர் வந்தா ஓ.டி. கிடைக்குமா தம்பி?’

வணக்கம் மக்களே. குரல் கேட்கிறதா? லாங் பஜாரில் நிற்கிறேன், காலை ஆறு மணி தாண்டியிருக்கும், அதற்குள் மூட்டை இறக்கும் வண்டிகள் வந்து வரிசையாக நின்றுவிட்டன, அதனால் நடுநடுவே ஹாரனும் ‘ஓரம் போப்பா’வும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் நம்ம வேலூரில் நின்று பேச முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்குப் பிரியாணியும் இல்லை, கோட்டை சுற்றிக் காட்டுவதும் இல்லை. போரைப் பற்றிப் பேசப்போகிறேன். போரை யார், எப்படி நிறுத்த முடியும் என்பதைப் பற்றி.

முதலில் மேலே பாருங்கள், மணிக்கூண்டு. தினமும் இதன் கீழேதான் போய் வருகிறோம், மணி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதோடு சரி. இதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஜூம் செய்கிறேன்... ஆடுகிறது, இருங்கள். ம், இப்போது தெரிகிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலூர் கிராமத்திலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள். அவ்வளவுதான். எதற்காகப் போனார்கள், யாரோடு என்ன பகை, ஒன்றும் கிடையாது. பிரிட்டிஷ்காரனுக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் காலனி யாருக்கு, சந்தை யாருக்கு என்று தகராறு, அதில் பாலாற்றங்கரையில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தவன் போய்ச் செத்தான். பங்காளிச் சண்டையில் பண்ணையாள் மண்டை உடைந்த கதை. ஏகாதிபத்தியப் போர் என்று சோசலிஸ்டுகள் சொல்வது இதைத்தான், சொல் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஆள் மட்டும் போகவில்லை, தோலும் போனது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல்தான் அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானே ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் கட்டிங்கில் இருந்தவன். தோலைக் கையில் எடுத்தால் அது எங்கே போகப்போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஓ.டி. என்றால் ஓவர்டைம், கூடுதல் நேர வேலையும் அதற்கான கூலியும். போன மாதம் போரை எதிர்க்கிற நாங்கள் ஏழு பேர், கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றும் இடத்தில் துண்டறிக்கை கொடுத்தோம். எழுதியது நான்தான், வெட்கமாகத்தான் இருக்கிறது, முதல் வரியே ‘ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு வெறியாட்டத்தை முறியடிப்போம்’ என்று ஆரம்பித்தது. வாங்கியவர்கள் நாலாக மடித்து வேன் சீட்டில் இருந்த ஈரத்தைத் துடைத்தார்கள். ஒரு அக்கா மட்டும், ஸ்டிச்சிங்கில் இருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், நின்று முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “போர் வந்தா ஓ.டி. கிடைக்குமா தம்பி?”

பக்கத்தில் இருந்த நம்ம பையனுக்குக் கோபம். “என்னக்கா இப்படிக் கேக்கறீங்க, காசாவுல குழந்தைங்க சாவுது” என்றான். அக்கா அசரவில்லை. “சாவுதுதான், நானும் செல்லுல பாத்து அழுதேன். செங்கடல்ல சண்டை, கப்பல் சுத்திப் போவுதுன்னு சொல்லி எங்க ஓ.டி.ய நிறுத்துனாங்க. சண்டையால போவும்னா சண்டையால வரவும் செய்யும்ல? அதான் கேட்டேன்.” வேன் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். என்னிடம் பதில் இல்லை.

அக்கா கேட்டதில் தப்பே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. காசா போரைக் காரணம் சொல்லி ஏமனின் ஹூதி படையினர் 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது, வாடகை எகிறியது. ஷூ போகிற பாதையும் அதுதான். காசாவில் விழுந்த குண்டுக்கும் ஆம்பூரில் ஓடுகிற தையல் மெஷினுக்கும் நடுவே இருக்கிற கயிற்றை அக்கா கையால் தொட்டுப் பார்த்துவிட்டார், நான் துண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. அப்புறம் பெர்லினில் பதில் கிடைத்தது. சிரிக்காதீர்கள், 1916 பெர்லினைச் சொல்கிறேன்.

கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்ல வேண்டும். 1912-இல் பாசெல் நகரத்தில் ஐரோப்பிய சோசலிஸ்டுகள் எல்லாம் கூடி, போர் வந்தால் எதிர்த்து நிற்போம் என்று முடிவெடுத்தார்கள். 1914 ஜூலை 31 அன்று பிரான்சில் போருக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்த சோசலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரேஸைச் சுட்டுக் கொன்றார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய சோசலிஸ்ட் கட்சி, நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்குக் கை தூக்கியது. சத்தியம் சர்க்கரைப் பொங்கலோடு போச்சு. டிசம்பர் 2 அன்று மறுபடி ஓட்டெடுப்பு வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர், அதே கட்சியின் கார்ல் லீப்னெக்ட். 1915-இல் அவர் எழுதிய துண்டறிக்கையின் சாரம் இதுதான்: பிரதான எதிரி சொந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறான். அதே வருஷம் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் சிம்மர்வால்டு என்ற மலைக் கிராமத்தில் போரை எதிர்த்த சோசலிஸ்டுகள் கூடினார்கள், மொத்தம் 38 பேர், லெனினும் ட்ராட்ஸ்கியும் அதில் அடக்கம். நம்ம கம்பெனி வேன் ஒன்றிலேயே அடைத்துவிடலாம்.

இனிமேல்தான் அக்கா கேள்விக்கு வருகிறேன். 1916 மே தினத்தன்று பெர்லின் போட்ஸ்டாம் சதுக்கத்தில் லீப்னெக்ட் ‘போர் ஒழிக, அரசாங்கம் ஒழிக’ என்று கத்தினார், பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூன் 28, வழக்கு நடக்கிற நாள், பெர்லினில் சுமார் 55,000 தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். யார் இவர்கள்? ஆயுதத் தொழிற்சாலைகளில் லேத் ஓட்டியவர்கள். அதாவது போரால் ஓ.டி. வந்தவர்கள்! அவர்களுக்குக் கூலி கூடுதல், கைத்தொழில் தெரிந்தவர்கள் என்பதால் போர்முனைக்கு அனுப்புவதும் இல்லை. ஊரில் யாருக்காவது போர் லாபம் என்றால் இவர்களுக்குத்தான்.

ஏன் நிறுத்தினார்கள்? லீப்னெக்ட்டுக்காக என்பது உண்மை, ஆனால் அது மட்டும் இல்லை. போர் நீள நீள உணவு குறைந்துகொண்டே போனது. அந்த வருஷக் குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு கிடைக்காமல் மாட்டுக்குப் போடுகிற ஒருவகை டர்னிப் கிழங்கைத் தின்றார்கள், அந்தக் குளிர்காலத்துக்கே அந்தப் பேர்தான். ஓ.டி. காசு பையில் இருந்தது, வாங்கக் கடையில் ஒன்றும் இல்லை. தம்பியும் மகனும் திரும்பி வரவில்லை. 1918 ஜனவரியில் பெர்லினில் வேலையை நிறுத்தியவர்கள் 4 லட்சம் பேர்.

அதை எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மேடை போடவில்லை, மேடை போட்டால் போலீஸ் வரும். ஒவ்வொரு பட்டறையிலும் மற்றவர்கள் பேச்சைக் கேட்கிற ஆள் ஒருவர் இருப்பார் இல்லையா, சம்பளத்தில் குறை என்றால் அவரிடம்தானே போவார்கள், அப்படிப்பட்ட ஆட்களை மட்டும் தேடிப் பிடித்து, மதுக்கடை மேஜையில் உட்கார்ந்து பேசி, ஒரு வலையைப் பின்னினார்கள். ரிச்சர்ட் முல்லர் என்ற லேத் தொழிலாளி அதில் முன்னே நின்றவர். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலரைத் தண்டனையாகப் போர்முனைக்கு அனுப்பியது அரசாங்கம், அவர்கள் அங்கேயும் இதையே பேசினார்கள். அந்த நவம்பரில் கீல் துறைமுகத்து மாலுமிகள் கலகம் செய்தார்கள், 9-ஆம் தேதி மன்னராட்சி கவிழ்ந்தது, 11-ஆம் தேதி சண்டை நின்றது. தொழிலாளிகள் மட்டுமே நிறுத்தினார்கள் என்று அளக்க மாட்டேன், படையும் அப்போது தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை மணிக்கூண்டில் எத்தனை எண்ணோ.

இருங்கள், பஸ் ஒன்று போகட்டும்.

ம். ஊர்வலம் போதாதா என்று கேட்பீர்கள். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லண்டனிலும் ரோமிலும் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், அதற்கு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. மார்ச் 20 அன்று போர் ஆரம்பித்துவிட்டது. ஊர்வலம் வீண் என்று நான் சொல்லவில்லை, திங்கள்கிழமை காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், அதுதான் சிக்கல். இதற்கு எதிர்ப்பக்கம் 1920: லண்டன் துறைமுகத்தில் ஜாலி ஜார்ஜ் என்ற கப்பலில் சோவியத் ரஷ்யாவுக்கு எதிரான ஆயுதங்களை ஏற்ற மாட்டோம் என்று தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள், ஆயுதம் இல்லாமல்தான் அது போனது. 2024 பிப்ரவரியில் நம்ம நாட்டிலேயே 11 பெரிய துறைமுகங்களில் இருக்கிற நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, இஸ்ரேலுக்குப் போகிற ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று அறிவித்தது. எந்த டிவியிலாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. தொரப்பாடி பக்கம் போகும்போது மத்திய சிறையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, போர் நிதிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று பேசியதற்காக 1940 டிசம்பரில் காமராஜரைக் குண்டூரில் பிடித்து இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். அதே போரை எதிர்த்து உள்ளே வந்த கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் இந்தச் சிறைச் சுவரில் ஓட்டை போட்டுத் தப்பித்தவர். சோவியத்தை ஹிட்லர் தாக்கிய பிறகு கம்யூனிஸ்ட் கட்சி இதை மக்கள் யுத்தம் என்று மாற்றிச் சொன்னதும் நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை, 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று மக்கள் தெருவில் நின்றபோது இவர்கள் விலகி நின்றது பெரிய அடி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. போரை எதிர்த்தால் சிப்பாயை எதிர்ப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். அங்கே ரிட்டயர் ஆன மாமா ஒருவரிடம் தயங்கித் தயங்கித்தான் நான் பேச்சை எடுத்தேன். “லீவுல வந்தவன்கிட்ட எங்க ஊர்ல யாரும் சண்டையப் பத்திக் கேக்க மாட்டாங்க தம்பி, சாப்ட்டியான்னுதான் கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு எனக்கும் டீ ஊற்றினார். துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் இரண்டாவது துண்டறிக்கை போட்டோம். இந்த முறை நான் எழுதியதை முதலில் அந்த அக்காவிடம் காட்டினேன். ‘வெறியாட்டம்’ என்ற சொல்லை அடித்துவிட்டார், ‘முறியடிப்போம்’ என்பதையும் அடித்துவிட்டார். கடைசியில் மேலே நின்றது இதுதான்: ‘செங்கடல்ல சண்டை, நம்ம ஓ.டி. கட். இது யார் சண்டை?’ கீழே பெர்லின் லேத் தொழிலாளிகள் கதை ஆறே வரி.

முதல் தடவை 150 அடித்து முக்கால்வாசி திரும்பி வந்தது. இந்தத் தடவை அக்கா தானாகவே இருபது எண்ணி எடுத்து டிபன் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார், தன் லைனில் கொடுப்பதற்கு. நாங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான் நிற்க முடியும், டிபன் பை உள்ளே போகும். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மாடியில் உட்காரலாம் என்றார், லாஸ்டிங்கிலிருந்து, அதாவது ஷூவை அச்சில் ஏற்றும் பிரிவிலிருந்து, இரண்டு பேரைக் கூட்டி வருவாராம், “வரும்போது ஓ.டி. கணக்குச் சீட்டையும் எடுத்தாரச் சொல்றேன், மொதல்ல அதப் பாப்போம்” என்றார்.

சரி மக்களே, மூட்டை வண்டிக்காரர் நகரச் சொல்லி மூன்றாவது முறையாகக் கத்துகிறார்... வர்றேண்ணே, வர்றேன், முடிஞ்சிது.