எந்த டன்?

வணக்கம் நேயர்களே. நான் கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது, "உங்க கப்பல் எத்தனை டன்?" என்றுதான். "எந்த டன்?" என்று நான் திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. டன் என்றாலே எடை என்றுதானே படித்திருக்கிறோம்?

பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது போன காலத்தில், பெரிய பீப்பாய்க்குப் பெயர் 'டன்'. ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் கொள்ளும் என்பதே அதன் அளவு. அதை வைத்துத்தான் வரியும்.

வரி என்று வந்தபின் குறுக்கு வழி வராமல் இருக்குமா? 1773இல் பிரிட்டன் போட்ட சட்டம் கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தது. ஆழம், அகலத்தில் பாதி என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். அளக்காத ஆழத்துக்கு வரி ஏது? குறுகலாக, ஆழமாகக் கட்டித் தள்ளினார்கள். வரி மிச்சம், ஆனால் கடலில் தள்ளாடும் கப்பல்கள். 1854இல் மூர்சம் என்பவர் வகுத்த முறை வந்தது. கப்பலின் உள்ளே இருக்கும் இடத்தையே அளந்து, 100 கன அடிக்கு ஒரு டன் என்று கணக்கு வைத்தார்கள். இன்று நடப்பில் இருப்பது 1969இல் கையெழுத்தாகி, 1982இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம். அதன்படி வரும் 'கிராஸ் டன்னேஜ்', மூடிய இடங்களின் கன அளவிலிருந்து வரும் வெறும் எண். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எடைக்கு இருப்பது 'டெட்வெயிட்'. சரக்கு, எரிபொருள், குடிநீர், மளிகை, ஆட்கள் எல்லாம் சேர்த்து கப்பல் தாங்கும் சுமை அது. 'சீவைஸ் ஜயன்ட்' என்ற எண்ணெய்க் கப்பலின் டெட்வெயிட் 5,64,763 டன். கிராஸ் டன்னேஜ் சுமார் 2,60,000தான். 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற உல்லாசக் கப்பலின் கிராஸ் டன்னேஜும் கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 2,48,000. ஆனால் அதற்குள் இருப்பது அறைகளும் கூடங்களும், அதாவது பெரும்பாலும் காற்று. சுமை தூக்குவதில் எண்ணெய்க் கப்பலின் பக்கத்தில்கூட அது வர முடியாது.

அப்புறம், கன்டெய்னர் கப்பலை 20 அடிப் பெட்டிக் கணக்கில் சொல்வார்கள். 2021இல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற 'எவர் கிவன்' 20,000 பெட்டிக்கு மேல் ஏற்றக்கூடியது. இதில் ஒரு வேடிக்கை: மேல்தளத்தில் அடுக்கும் பெட்டிகள் வெட்டவெளியில் இருப்பதால் கிராஸ் டன்னேஜில் சேராது. அதனால், கிராஸ் டன்னேஜை வைத்துப் போடும் கட்டணங்களைக் குறைக்க, உடலைச் சின்னதாகக் கட்டி, பெட்டிகளை மேலே அடுக்குகிற கப்பல்களும் ஓடுகின்றன. அன்று ஆழத்தில் ஒளித்தார்கள். இன்று எல்லோர் கண்முன்னே உயரத்தில்.